குழாய் எட்டாத வீட்டின் தண்ணீர் மருந்து

குடிநீர் வாரியக் குழாயோ ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியோ எட்டாத வீடுகள் இன்னும் நிறைய உண்டு. தோப்புக்குள் தனித்து நிற்கும் வீடு, காட்டுக்கொட்டாய், மலைச்சரிவில் ஊற்றுநீரை நம்பியிருக்கும் குடியிருப்பு, மழைநீர்த் தொட்டியை வைத்தே கோடையைக் கழிக்கும் வீடு, யாழ்ப்பாணத்தின் கிணற்றடி வளவு என்று அவை பலவிதம். இத்தகைய வீடுகளில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. நகரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் தனி அறையில் வைத்துக் கையாளும் பொருள்கள், இங்கே மோட்டார் கொட்டகையில் மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் நடுவே கிடக்கின்றன.

தண்ணீரில் கலந்த குளோரினைப் பற்றி மக்களுக்கு அச்சம் அதிகம். கலக்காமல் மூட்டையில் இருக்கும் குளோரினைப் பற்றி அச்சம் குறைவு. நியாயப்படி இது தலைகீழாக இருக்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வழக்கமாகத் தேவைப்படுவது அதில் பத்தில் ஒரு பங்குதான். வீட்டில் நேரும் விபத்துகளுக்குக் காரணம், செறிவான நிலையில் இருக்கும் மருந்து சேரக்கூடாத இன்னொன்றோடு சேர்வதுதான்.

எந்த மருந்தையும் வாங்கும் முன் அது தேவையா என்று பார்ப்பது முதல் பாதுகாப்பு. குளோரின் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் கொல்லும்; ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு மசியாது. தண்ணீரில் கரைந்த உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் குளோரின் தொடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் ஃபுளோரைடுக்கோ, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் சேர்ந்த நைட்ரேட்டுக்கோ எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் பயனில்லை. இரும்புச்சத்து மிகுந்த நீரில் குளோரின் போட்டால் தண்ணீர் பழுப்பாகும். அது விஷமல்ல, கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிவதுதான். குடிக்கும் அளவுக்கு மட்டும் நல்ல நீர் தேவைப்படும் சிறு குடும்பத்துக்குக் கொதிக்க வைப்பதே போதும். நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் மிஞ்சுவதில்லை. மருந்து தேவைப்படுவது கிணறு, தொட்டி என்று மொத்தமாகச் சுத்தப்படுத்தும்போதும், எடுத்து வைத்த நீர் மறுபடி கெடாமல் இருக்க வேண்டும் என்னும்போதும்தான்.

தேவைதான் என்று முடிவானால், கைக்கு முதலில் வருவது பிளீச்சிங் பவுடர். சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்யும் இந்தத் தூளுக்கு ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்றார். அப்போது அது துணி வெளுக்கும் மருந்து மட்டுமே. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீர்க் குழாய்களைச் சுத்தப்படுத்த இதே தூள் பயன்பட்டது. இப்போது கடையில் கிடைப்பது புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு செயல்படும் குளோரின் இருக்கும். நீச்சல் குளங்களுக்கு விற்கப்படும் வீரியமான கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 முதல் 70 விழுக்காடு வரை உண்டு. இரண்டும் வெள்ளைத் தூள்தான் என்பதால், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தி இரட்டிப்பாகப் போட்டுவிடுவது எளிது. சிப்பத்தின் மேல் அச்சிட்ட விழுக்காட்டையும் தயாரிப்புத் தேதியையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. சாக்கிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டித் தருகிற தூளில் இவ்விரண்டும் தெரியாது.

திரவமாக வருவது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டு உபயோகத்துக்கானது ஐந்து விழுக்காடு அளவிலும், கேனில் வருவது பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு அளவிலும் இருக்கும். வெயிலும் சூடும் பட்டால் இது தூளைவிட வேகமாக வீரியம் இழக்கும். சிதையும்போது வாயு வெளிவருவதால், காற்று போக வழியில்லாத மூடி போட்ட கேன் உப்பிக்கொள்ளும். அதனால் இதை முழுக்க நிரப்பி இறுக மூடி வெயிலில் வைக்கக் கூடாது. இரும்பு, செம்பு, நிக்கல் கலந்த பாத்திரங்களில் ஊற்றுவதும் கூடாது. பாத்திரமும் அரிக்கும், மருந்தும் சிதையும்.

அடுத்தது குளோரின் மாத்திரை. சோடியம் டைகுளோரோ ஐசோசயனுரேட் என்ற பொருளால் ஆன குடிநீர் மாத்திரைகள் ஒன்றொன்றாகத் தகட்டில் அடைத்து வருகின்றன. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று உறையில் எழுதியிருக்கும். அளக்கவோ கரைத்துத் தெளிய வைக்கவோ வேண்டாம் என்பதால், ஒரு குடம் இரண்டு குடம் தண்ணீருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. விலை சற்றுக் கூடுதல் என்பது மட்டுமே குறை. நீச்சல் குளத்துக்கான டிரைகுளோர் வில்லைகள் வேறு. அவை பெரிதாக, மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காகக் குடிநீர்த் தொட்டியில் போடக் கூடாது. அவற்றில் பாசி கொல்லிகள்கூடச் சேர்ந்திருக்கலாம்.

வாங்கிய மருந்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. தனி வீட்டில் இதற்கென்று எல்லாரும் தேர்ந்தெடுக்கும் இடம் மோட்டார் கொட்டகை. உண்மையில் இருப்பதிலேயே மோசமான இடம் அது. அங்கே டீசல் இருக்கும், என்ஜின் ஆயில் இருக்கும், யூரியா மூட்டை இருக்கும், பூச்சிமருந்து இருக்கும், சில வீடுகளில் சோலார் பேட்டரியும் இருக்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட் தானாக எரியாது. ஆனால் ஆக்சிஜனை வாரி வழங்கும் பொருள். எண்ணெய், கிரீஸ், பிரேக் ஆயில், மரத்தூள், சாக்கு போன்றவற்றோடு கலந்தால் தீக்குச்சி இல்லாமலேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும். யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற நைட்ரஜன் உரங்களோடு சேர்ந்தால் நைட்ரஜன் டிரைகுளோரைடு உண்டாகக்கூடும். அது வெடிக்கும் தன்மையுள்ளது. ஒழுகும் கூரைக்குக் கீழே கிழிந்த உரமூட்டையும் திறந்த பிளீச்சிங் பவுடரும் அடுத்தடுத்து இருப்பதைச் சாதாரணக் காட்சியாக எண்ணிவிட முடியாது. லெட்-ஆசிட் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அது கசிந்து தூளில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். விபத்து எதுவும் நேராவிட்டாலும், தூளிலிருந்து மெல்லக் கசியும் ஆவி இன்வெர்ட்டரின் செம்புக் கம்பிகளையும் பேட்டரி முனைகளையும் அரித்துவிடும். மின்வாரியக் கம்பியும் எட்டாமல் சூரிய மின்சாரத்தையே நம்பும் வீட்டுக்கு இது சிறிய இழப்பு அல்ல.

ஆகவே மருந்துக்குத் தனி இடம் வேண்டும். வீட்டை ஒட்டாத, நிழலான, காற்றோட்டமுள்ள, மழைச்சாரல் படாத ஒரு மாடமோ பூட்டுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ போதும். தரையில் வைக்காமல் கல்லின் மேலோ பலகையின் மேலோ உயர்த்தி வைப்பது ஈரத்தைத் தடுக்கும். பலகையானால் அதன் மேல் தூள் சிந்தவிடக் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரமும் முக்கியம், ஆனால் கண்மட்டத்துக்கு மேல் வைத்தால் எடுக்கும்போது முகத்தில் கொட்டும். அமிலங்களும் குளோரின் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. திரவத்தை மேல்தட்டிலும் தூளை அதன் கீழும் அடுக்குவதும் தவறு. ஒழுகினால் நேராகத் தூளின் மேல்தான் விழும். பிளீச்சிங் பவுடரும் டிரைகுளோர் வில்லையும் உலர்ந்த நிலையிலேயே கலந்தால் வெடிக்கக்கூடும். இரண்டும் குளோரின் மருந்துதானே என்று ஒரே டப்பாவில் போட்டு வைப்பதும், ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றொன்றை அள்ளுவதும் அதனால் ஆபத்து.

மருந்தை அது வந்த கொள்கலனிலேயே வைத்திருக்க வேண்டும். சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிற ஆசிட்-பினாயில் வியாபாரிகள் பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றிக் கொடுப்பது தமிழ்நாட்டில் பழகிப்போன வழக்கம். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை எடுத்துக் குடிப்பது இந்தப் பாட்டில்களால்தான். இதைவிடக் கண்டிப்பாக நிறுத்த வேண்டிய வழக்கம் வீட்டு ரசாயனங்களில் வேறொன்று இல்லை.

எதனோடு சேரக் கூடாது என்பதில் முதலிடம் அமிலத்துக்கு. கழிவறைக் கறை போக்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரிலோ ஹைப்போகுளோரைட்டிலோ பட்ட நொடியே பசுமஞ்சள் நிறக் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்க்களத்தில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலெழுந்து கலைந்து போகாமல் தாழ்வான இடங்களில் தேங்கும். தனி வீட்டில் அத்தகைய தாழ்வான இடங்கள் கிணறும், தரைக்கடியில் கட்டிய சம்ப் தொட்டியும்.

சம்ப் கழுவும் முறையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஓர் ஆள் உள்ளே இறங்குகிறார். சுவரில் பாசி, பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்க்கிறார். பாசி போகிறது, உப்புக்கறை போகவில்லை. மேலிருந்து ஒருவர் ஆசிட் பாட்டிலை நீட்டுகிறார். அடுத்த சில விநாடிகளில் உள்ளிருப்பவர் மூச்சுத் திணறுகிறார். காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். கறைக்கு அமிலம் வேண்டுமென்றால் அதை ஒரு நாள் பயன்படுத்தி, நன்றாக அலசி, அலசிய நீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு, வேறொரு நாளில்தான் குளோரின் இட வேண்டும். இன்னும் நல்லது, சம்ப்பில் அமிலமே பயன்படுத்தாமல் கம்பித் தூரிகையால் சுரண்டுவது. தூளை உள்ளே கொண்டுபோய்த் தூவுவதைவிட, வெளியே கரைத்த தெளிவை மேலிருந்து ஊற்றி, ஆள் இறங்காமல் ஊற விடுவதே முறை. குளோரின் இல்லாவிட்டாலும் பாழடைந்த கிணற்றிலும் மூடிக்கிடந்த தொட்டியிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். தனியாளாக இறங்குவது எந்நாளும் கூடாது. யாராவது மயங்கி விழுந்தால் இடுப்புக் கயிற்றால் மேலிருந்து இழுக்க முடிய வேண்டும், மற்றவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது.

அம்மோனியா கலந்த தரை துடைப்பான்கள், சிறுநீர் தேங்கிய இடங்கள் ஆகியவற்றோடு குளோரின் மருந்து சேர்ந்தால் குளோரமின் ஆவிகள் உண்டாகிக் கண்ணும் தொண்டையும் எரியும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற சமையலறை அமிலங்களும் அமிலங்களே.

கரைக்கும் முறைக்கு வந்தால், ஒரே ஒரு வரிசை மாறக் கூடாது: தண்ணீரில்தான் மருந்தை இட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. குவித்த தூளின் மேல் சிறிது நீர் விழுந்தால் சூடேறித் தெறிக்கும். வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, ரப்பர் கையுறையும் கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டிய வேலை இது. முகக்கவசம் தூளை வடிகட்டும், வாயுவை வடிகட்டாது. மூக்கில் கட்டிய துண்டால் இரண்டையுமே நம்பகமாகத் தடுக்க முடியாது. வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தூள் அள்ளும் கரண்டி உலர்ந்ததாக, அதற்கென்றே ஒதுக்கியதாக இருக்க வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். வாளியில் முக்கால் பங்கு நீர் எடுத்து, அதில் தூளை இட்டுக் கிளறி, பத்து நிமிடம் தெளிய விட்டால் அடியில் சுண்ணாம்பு படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்க வேண்டும். வண்டலைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மைதான் கூடும். வாளியை நீர்மட்டத்துக்குக் கீழே விட்டு மேலும் கீழும் அசைத்தால் மருந்து பரவும். இரவு கடைசித் தண்ணீர் இறைத்த பிறகு இதைச் செய்தால், விடிவதற்குள் மருந்து வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

எவ்வளவு போடுவது? வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று வரும். மூன்று மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 14,130 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் அதற்குத் தேவை சுமார் 35 கிராம். நாலு கைப்பிடி அள்ளி வீசும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். அதே கிணற்றில் ஒரு கிலோவைக் கொட்டினால் லிட்டருக்கு 23 மில்லிகிராம் குளோரின் சேரும். குடிக்கவும் முடியாது, கொசுப்புழு தின்னக் கிணற்றில் விட்ட மீனும் மிஞ்சாது. மீனுக்கு மனிதர் குடிக்கும் அளவுக் குளோரினே அதிகம் என்பதால், அதை முன்னதாகவே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

இந்த 35 கிராம் ஒரு தொடக்கம் மட்டுமே. அழுக்கும் இலைதழையும் உள்ள நீர் குளோரினை விழுங்கிவிடும். பழைய தூளில் வீரியமும் குறைந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து நீரைச் சோதிப்பதுதான் சரியான அளவைச் சொல்லும். டேங்க் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் கருவியில் சில சொட்டு மருந்தை விட்டு நிறத்தைப் பார்ப்பார்கள். நிறம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவைக் காட்டினால் கிருமிநீக்கம் நடந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் பயனருக்கு வந்துசேரும் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்தில் நீர் மஞ்சளாகும், டி.பி.டி. மாத்திரையில் இளஞ்சிவப்பாகும். ஆர்த்தோடாலிடின் நச்சுத்தன்மை உள்ளது. சோதித்த நீரைக் குடத்தில் திருப்பி ஊற்றக் கூடாது.

புதிய தொட்டியை, அல்லது வெள்ளம் புகுந்த தொட்டியைத் தூய்மைப்படுத்தும் அளவு வேறு. ஆயிரம் லிட்டர் நீருக்கு 150 கிராம் தூளைக் கரைத்துத் தெளிவை ஊற்றினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். ஒரு நாள் ஊறவிட்டு முழுவதும் வெளியேற்ற வேண்டும். அதைக் குடிக்கக் கூடாது; செப்டிக் தொட்டியிலும் மீன் குட்டையிலும் செடிகளின் வேரிலும் விடவும் கூடாது.

கலங்கிய நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, ஆகவே முதலில் தெளிய வைக்க வேண்டும். அதற்குத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்த காலம் உண்டு, இப்போது படிகாரம். படிகாரத்தில் அஞ்ச ஒன்றுமில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையது. செறிவான படிகாரக் கரைசலும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சந்தித்தால் அங்கும் குளோரின் வாயு வெளிவரும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது. தெளிந்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகே குளோரின். மழைநீரில் அமிலத்தைத் தாங்கும் உப்புகள் மிகக் குறைவு. அதில் படிகாரம் போட்டால் நீர் எளிதில் புளிப்பேறும், அலுமினியமும் தங்கும். மழைநீர்த் தொட்டிக்கு முதல் மழையை ஒதுக்கிவிடும் குழாயும் மணல் வடிகட்டியும் படிகாரத்தைவிடச் சிறந்தவை. கிணற்றுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடும் பழக்கம் சில இடங்களில் தொடர்கிறது. நீரை ஊதா நிறமாக்குவதைத் தவிர அதனால் நம்பத்தக்க கிருமிநீக்கம் கிடைப்பதில்லை.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை எளியவை. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, நல்ல நீரால் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். எண்ணெயோ தாய்ப்பாலோ விடக் கூடாது. தோலில் பட்டால் நனைந்த துணியைக் களைந்துவிட்டுக் கழுவ வேண்டும். வாயுவை முகர்ந்தவரைத் திறந்த, மேடான இடத்துக்குக் கொண்டுசென்று உட்கார வைக்க வேண்டும். இருமல் அடங்கிவிட்டது என்று விட்டுவிட முடியாது. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். விழுங்கியவருக்கு வாந்தி வரவழைக்கக் கூடாது. மேலே வரும்போது உணவுக்குழாய் மீண்டும் வெந்துபோகும். வாந்திக்குப் புளிக்கரைசலும் உப்புநீரும் கொடுக்கும் கைவைத்தியம் இங்கே இரட்டிப்புத் தீங்கு, ஏனெனில் புளியும் அமிலம்தான். வாயைக் கொப்பளிக்கச் செய்து, மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். ஊரிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில், வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தின் அடையாளத்தை எல்லாரும் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வீரியம் போன தூளைக் குப்பைமேட்டில் கொட்டினால் அங்குள்ள எண்ணெய்க் கந்தலோடு சேர்ந்து எரியக்கூடும். மூட்டையாகக் கிணற்றருகே புதைப்பதும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வாளி நிறைய நீரில் கரைத்து, குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் சில நாள் திறந்த வெயிலில் வைத்தால் குளோரின் சிதைந்துவிடும். பிறகு செடிகொடி இல்லாத தரையில் ஊற்றலாம். காலியான கேனை மூன்று முறை அலசி, ஓட்டையிட்டுவிட வேண்டும். முழுதாக விட்டால் அடுத்த வாரமே அது யாராவது ஒருவர் வீட்டில் குடிநீர்க் கேனாகிவிடும்.